திரும்பி வராத எண்ணெய்

ஒரு ஜெட் எஞ்சின் எத்தனை காலம் ஓட வேண்டும் என்று நினைத்து அதைச் செய்தார்கள் என்பதை அதன் பேரிங்குகளுக்குப் போகும் எண்ணெயைப் பார்த்தே சொல்லிவிடலாம். பயணிகள் விமான எஞ்சினில் எண்ணெய் ஒரு தொட்டியிலிருந்து கிளம்பும். பேரிங்குகளை நனைத்துக் குளிர்வித்தபின் உறிஞ்சு பம்புகள் அதைத் திரும்ப இழுக்கும். வடிகட்டி, ஆற்றி, மறுபடி தொட்டிக்கே கொண்டுவந்து சேர்க்கும். 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி நிறுவனம் உருவாக்கிய வைப்பர் எஞ்சினில் இந்தத் திரும்பும் பாதை இல்லை. அளந்து விட்ட எண்ணெய் பேரிங்கைத் தொட்டுவிட்டு வெளியேறும் காற்றோடு போய்விடும். அது கவனக்குறைவால் நேர்ந்ததன்று, கணக்குப் போட்டு எடுத்த முடிவு. வைப்பரைக் கேட்டது ஜிண்டிவிக் என்ற ஆஸ்திரேலிய ஆளில்லா விமானம். ஏவுகணைகளையும் பீரங்கிகளையும் சோதிப்பதற்காக வானில் பறக்கவிட்டுச் சுடும் இலக்கு அது. 1952-இல் ஆடர் என்ற இன்னும் சிறிய எஞ்சினோடு அது முதலில் பறந்தது. தொடர் தயாரிப்புக்கு வந்தபோது வைப்பர் பொருத்தப்பட்டது. சுட்டு வீழ்த்தப்படப் போகும் விமானத்தின் எஞ்சின் பத்து மணி நேரம் ஓடினால் போதும். பத்து மணி நேரத்துக்கு எண்ணெயைத் திரும்பச் சேகரிக்கும் குழாயும் பம்பும் வீண் எடை, வீண் செலவு.

அதே வைப்பரின் வழித்தோன்றல்கள்தான் 1954-இல் பிரிட்டனின் ஜெட் புரோவோஸ்ட் பயிற்சி விமானத்தையும், 1957-இல் இத்தாலியின் எம்பி-326 விமானத்தையும், 1962-இல் எச்எஸ்-125 என்ற வணிக ஜெட்டையும் பறக்க வைத்தன. 1964-இல் பெங்களூரில் பறந்த எச்ஏஎல் நிறுவனத்தின் கிரண் விமானத்தில் இருந்ததும் வைப்பர்தான். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி பல்லாண்டுகள் பறக்கவிட்டது இந்தக் கிரணைத்தான். இலகு ஜெட் விமானங்களுக்கான சிறு எஞ்சின்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உந்துவிசையையும் எடையையும் வைத்தே கதையைச் சொல்லிச் செல்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. சிறிய உருவத்தில் போதிய உந்துவிசை கிடைப்பது தொடக்கத்திலேயே கைகூடிவிட்டது. அந்த எஞ்சினுக்கு ஆயுள் கொடுப்பதும் அதன் எரிபொருள் பசியைத் தணிப்பதும்தான் நாற்பது ஆண்டு உழைப்பை விழுங்கின. அந்த உழைப்புக்கான பணமும் இலகு விமானம் வாங்குகிறவர்களின் பையிலிருந்து வரவில்லை. எரிபொருள் கணக்கே பார்க்காத, எஞ்சினைத் தூக்கி எறியவும் தயங்காத ஒரே வாடிக்கையாளரான இராணுவம்தான் அதைத் தந்தது. இதைக் கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டங்கள் எப்படிச் சரிந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எஞ்சின்கள் ஏன் இன்றைய வடிவத்தில் இருக்கின்றன என்பது விளங்கும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜே85 எஞ்சின் பிறந்தது குவெய்ல் என்ற ஏமாற்றுக் கருவிக்காக. பி-52 குண்டுவீச்சு விமானம் எதிரி நாட்டின் எல்லையை நெருங்கும்போது தன் வயிற்றிலிருந்து குவெய்லை அவிழ்த்துவிடும். ரேடார் திரையில் அதுவும் ஒரு பி-52 போலவே தெரியும். ஒருமுறை போனால் திரும்பி வராத பயணம் அது. அந்த எஞ்சின் பின்னர் டி-38 பயிற்சி விமானத்துக்கும் எஃப்-5 போர் விமானத்துக்கும் போனது. சிஜே610 என்ற பெயரில் குடிமை உடுப்பு அணிந்து, 1963 அக்டோபர் 7 அன்று முதல் லியர்ஜெட்டையும் தூக்கியது. வீசி எறிய வேண்டிய பாகங்களை ஒவ்வொன்றாக நீக்கி, நின்று உழைக்கும் பாகங்களைப் பொருத்தியபின்தான் இது நடந்தது. குவெய்லுக்கும் லியர்ஜெட்டுக்கும் நடுவே இருந்த அந்தச் சில ஆண்டு வேலைதான் என் பார்வையில் உண்மையான கண்டுபிடிப்பு.

ஏன் அது அவ்வளவு கடினம்? காகிதத்தில் பார்த்தால் சிறிய எஞ்சினுக்குத்தான் எல்லாச் சலுகையும். ஒரு எஞ்சினின் விட்டத்தைப் பாதியாக்கினால் காற்று நுழையும் பரப்பு நான்கில் ஒன்றாகும், உந்துவிசையும் ஏறத்தாழ அதே அளவு குறையும். எடையோ கன அளவைப் பின்பற்றி எட்டில் ஒன்றாகச் சுருங்கும். ஆக, ஒரு கிலோ எடைக்குக் கிடைக்கும் உந்துவிசை இருமடங்காக வேண்டும். இந்தக் கணக்கு தவறில்லை. ஆனால் எஞ்சினுக்குள் எல்லாம் சேர்ந்து சுருங்குவதில்லை. கம்ப்ரஸர் பிளேடின் நுனிக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் உயரமான பிளேடில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் அது அரை சதவீதம். 10 மில்லிமீட்டர் பிளேடில் கால் மில்லிமீட்டர் விட்டாலும் இரண்டரை சதவீதம். வெப்பத்தில் உலோகம் விரிவதும் பேரிங் அசைவதும் எஞ்சினின் அளவைப் பார்த்து விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே அந்த இடைவெளியை நினைத்தபடி குறைக்க முடியாது. அதன் விகிதம் ஒரு சதவீதம் கூடினால் கம்ப்ரஸரின் திறன் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை இறங்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. அடுக்கடுக்காகப் பல வரிசை பிளேடுகளை வைத்து அழுத்தத்தை முப்பது மடங்கு ஏற்றும் பெரிய எஞ்சினின் வழி சிறியதற்கு அடைபட்டுவிடுகிறது. அது பெரும்பாலும் காற்றை மையத்திலிருந்து விளிம்புக்கு வீசும் ஒற்றைச் சக்கரத்தோடு நான்கு மடங்கு அழுத்தத்தில் நின்றுவிடும். இழப்பே இல்லாத கற்பனைச் சுழற்சியில்கூட நான்கு மடங்கு அழுத்தம் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். முப்பது மடங்கு அழுத்தம் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேலேயே மாற்றிவிடும்.

எரியறையிலும் இதே பிடிவாதம்தான். எரிபொருள் துளி ஆவியாகிக் காற்றோடு கலந்து எரிய எடுக்கும் நேரத்தை வேதியியல் தீர்மானிக்கிறது. எஞ்சின் சிறிதாகிவிட்டது என்று நெருப்பு அவசரப்படாது. அறை மட்டும் குட்டையாகும்போது தீ டர்பைன் வரை நீண்டுவிடும். டர்பைன் பிளேடுகளோ உள்ளே குளிர்காற்று ஓடும் துளைகளைக் குடைய இடமில்லாத அளவுக்குச் சிறியவை. அதனால் வெப்பத்தை அடக்கியே வைக்க வேண்டும். சுழற்சி வேகமும் இருக்கிறது. பிளேடு நுனியின் வேகம் எந்த எஞ்சினிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், விட்டம் குறையக் குறையச் சுற்று கூடும். பிரான்ஸின் மார்போரே எஞ்சின் நிமிடத்துக்கு 22,600 முறை சுழன்றது. இன்று தனிநபர் ஜெட்டுகளில் வரும் செக் நாட்டின் டிஜே100 ஏறத்தாழ 60,000 முறை சுழல்கிறது. பொம்மை விமான எஞ்சின்கள் லட்சத்தையும் தாண்டுகின்றன. அந்த வேகத்தில் ஒரு பேரிங்கைப் பத்து மணி நேரம் காப்பாற்றுவதும் மூவாயிரம் மணி நேரம் காப்பாற்றுவதும் வேறு வேறு தொழில்கள்.

இங்கே என் வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. அது பைரனீஸ் மலையடிவாரத்திலிருந்து வருகிறது. போலந்தில் பிறந்த ஜோசஃப் ஷிட்லோவ்ஸ்கி 1938-இல் ஆந்த்ரே பிளானியோலோடு சேர்ந்து தொடங்கிய துர்போமெகா நிறுவனம், போருக்குப் பின் பிரான்ஸின் தென்மேற்கில் போர்த் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, மனிதர் ஏறும் இலகு விமானங்களுக்கென்றே சிறு டர்போஜெட்டுகளைச் செய்தது. பிமெனே, பாலாஸ், மார்போரே என்று பக்கத்து மலைச் சிகரங்களின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள். 1949 ஜூலை 14 அன்று பிமெனே எஞ்சின் ஒரு கிளைடரின் முதுகில் உட்கார்ந்து பறந்தது. 1952 ஜூலை 23 அன்று இரண்டு மார்போரேகளோடு ஃபூகா மஜிஸ்டர் பறந்தது. தொடக்கம் முதலே ஜெட் பயிற்சிக்கென வடிவமைக்கப்பட்ட விமானங்களில் முன்னோடி இது. வண்ணத்துப்பூச்சியின் இறகுகள் போல விரிந்த வால் இதன் அடையாளம். 900-க்கு மேல் செய்யப்பட்டு இஸ்ரேல், பின்லாந்து, பெல்ஜியம் என்று பல நாடுகளுக்குப் போனது. மார்போரேயின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. எரிபொருளை உயர் அழுத்தத்தில் தெளிக்கும் நுண்ணிய மூக்குகள் அதில் கிடையாது. சுழலும் தண்டின் உள்ளேயே எரிபொருளை விட்டு, துளைகள் வழியாக வெளியே வீசவிட்டார்கள். சுழற்சியே அதை நுண்துளிகளாக்கி வட்டமான எரியறை முழுவதும் பரப்பிவிடும். குட்டையான அறையில் நெருப்பை அடக்கும் சிக்கலுக்கு இதைவிட நேர்த்தியான தீர்வு அந்தக் காலத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இங்கே பயணமும் எதிர்த்திசையில் நடந்தது. மனிதருக்காகப் பிறந்த மார்போரேயை அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவனம் உரிமம் பெற்று ஜே69 என்ற பெயரில் செய்தது. செஸ்னா டி-37 பயிற்சி விமானத்தோடு, ஃபயர்பீ என்ற ஆளில்லா இலக்கு விமானத்துக்கும் அதைக் கொடுத்தது.

அப்படியானால் ஆயுதம்தான் சிறு எஞ்சினின் தாய் என்ற கூற்று பொய்யா? அந்தக் கூற்றைக் கொஞ்சம் திருத்தவேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயுதம் இல்லாமலும் அது பிறக்கலாம், ஆனால் எரிபொருள் விலையைக் கேட்காத வாடிக்கையாளர் இல்லாமல் வளரமுடியாது. மார்போரே நொடிக்கு ஏறத்தாழ எட்டு கிலோ காற்றை விழுங்கி, நொடிக்கு 490 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளியது. அதிலிருந்து கிடைத்த உந்துவிசை 400 கிலோ. அந்த ஒவ்வொரு கிலோ உந்துவிசைக்கும் மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் எரிபொருள் செலவானது. முழு விசையில் ஓடினால் இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து மணிக்கு 900 கிலோ அளவில் குடித்துவிடும். இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கு இந்தச் செலவை ஓர் அரசாங்கம்தான் தாங்கும். அந்த அரசாங்கங்களும் கடைசிவரை தாங்கவில்லை. பிரிட்டன் 1980-களின் இறுதியில் ஜெட் புரோவோஸ்டை ஓரங்கட்டி டுகானோ என்ற சுழல்விசிறி விமானத்துக்குப் போனது. பிரான்ஸின் சலோன் விமானப்படைப் பள்ளி 1990-களில் மஜிஸ்டருக்குப் பதிலாக அதே டுகானோவின் பிரேசில் வடிவத்தை ஏற்றது. அமெரிக்கா 2009-இல் டி-37-க்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மூக்கில் விசிறி சுழலும் டி-6-இல் மாணவர்களை ஏற்றியது. மூன்று நாடுகள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. சிறு டர்போஜெட் அங்கெல்லாம் இயந்திரமாகத் தோற்றுப்போகவில்லை, கட்டுப்படியாகாமல்தான் விலக்கப்பட்டது.

இந்தப் பசிக்குக் காரணம் கம்ப்ரஸர் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு வேகமான காற்றுத்தாரை பொருந்தவே பொருந்தாது. மணிக்கு 400 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 111 மீட்டர் வேகத்தில் பறக்கும்போது காற்றை நொடிக்கு 500 மீட்டரில் தள்ளினால், அந்தத் தாரைக்குக் கொடுத்த ஆற்றலில் 36 சதவீதம்தான் விமானத்தை நகர்த்தும். மிச்சம் முழுவதும் பின்னால் காற்றைக் கலக்குவதில் வீணாகும். விமானத்தின் வேகத்தை இருமடங்காக்கினால் அது 60 சதவீதத்தைத் தாண்டும். அதே உயர் வேகத்தில் தாரையை 300 மீட்டருக்கு மட்டுப்படுத்தி, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் 85 சதவீதம் வரை போகும். டர்போஃபேன் செய்வது இதைத்தான். வணிக ஜெட் உலகம் இதை 1970-களில் கற்றுக்கொண்டது. எண்ணெய் விலை ஏறிய அதே காலத்தில் காரெட் நிறுவனத்தின் டிஎஃப்இ731 டர்போஃபேன் லியர்ஜெட்டுக்குள் வந்து சிஜே610-ஐ வெளியேற்றியது. பழைய டர்போஜெட் லியர்களை இரைச்சலும் துரத்தியது. ஒலித்தடுப்பு மாற்றங்கள் செய்யாதவை 2015 முடிவோடு அமெரிக்க வானத்திலிருந்து விலக்கப்பட்டன.

அதைவிடச் சிறிய அளவில் டர்போஃபேன் சாத்தியம் என்று நிரூபித்தவர் சாம் வில்லியம்ஸ். கிரைஸ்லர் நிறுவனத்தில் கார்களுக்கான கேஸ் டர்பைன் வேலையிலிருந்து விலகி, 1955-இல் மிச்சிகனில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1960-களில் அவர் செய்த டபிள்யூஆர்-19 எஞ்சினின் எடை 30 கிலோ, உந்துவிசை 195 கிலோ. பெல் நிறுவனம் அதை ஒரு மனிதனின் முதுகில் கட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தது. அந்த வழியில் வந்த எஃப்107 எஞ்சினைத்தான் டொமஹாக் ஏவுகணையும் விமானத்திலிருந்து ஏவும் அதன் உறவினரும் சுமந்தன. இதற்காக வான்பயணச் சாதனைக்கான 1978-ஆம் ஆண்டின் காலியர் பரிசு வில்லியம்ஸுக்குக் கிடைத்தது. ஆனால் அது எப்படிப்பட்ட எஞ்சின்? ஆண்டுக்கணக்கில் உறைக்குள் தூங்கும். எழுப்பினால் உடனே ஓட வேண்டும். சில மணி நேரம் ஓடி, இலக்கில் மோதிச் சிதற வேண்டும். அங்கிருந்து மனிதர் ஏறும் விமானத்துக்கு வருவதற்கு வில்லியம்ஸ் புதிய எஞ்சினையே வடிவமைக்க வேண்டியிருந்தது. எஃப்ஜே44 என்ற அது 1992-இல் சான்றிதழ் பெற்றது. செஸ்னாவின் சைட்டேஷன்ஜெட்டில் பறந்தது. உந்துவிசை 860 கிலோ, எடை 200 கிலோவை ஒட்டி. புறப்படும் விசையில் ஒவ்வொரு கிலோ உந்துவிசைக்கும் மணிக்கு அரை கிலோவுக்கும் குறைவான எரிபொருள் போதுமானது. மார்போரேயின் பசியில் இது பாதியைவிடக் குறைவு. பெரும் பழுதுபார்ப்புகளுக்கு இடையே 3,500 மணி நேரம் ஓட அனுமதி பெற்றது. எடைக்கு நாலேகால் மடங்கு உந்துவிசை என்ற அதன் கணக்கு, பல ஆண்டுகளுக்கு முந்தைய டபிள்யூஆர்-19-இன் ஆறரை மடங்கோடு ஒப்பிட்டால் பின்னடைவாகத் தெரியும். அந்தக் கூடுதல் எடையில்தான் 3,500 மணி நேரம் இருக்கிறது.

இதை மீறிப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. அது வில்லியம்ஸின் பட்டறையிலேயே நடந்ததால் என் வாதத்துக்கு அது தனி முக்கியத்துவம் உடையது. 1990-களின் இரண்டாம் பாதியில் நாசா தனியார் சிறு விமானங்களுக்கு மலிவான டர்பைன் எஞ்சின் தேடும் திட்டம் ஒன்றை நடத்தியது. அதிலிருந்து கிளைத்த ஈஜே22 எஞ்சினை எக்லிப்ஸ் 500 என்ற புதிய ஜெட்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 39 கிலோ எடையில் 350 கிலோ உந்துவிசை, அதாவது ஒன்பது மடங்கு. அந்த எஞ்சினை நம்பி, பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த விலையில் ஆறு பேர் ஏறும் ஜெட் என்று அறிவித்தார்கள். 2002 ஆகஸ்ட் 26 அன்று விமானம் பறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எக்லிப்ஸ் அந்த எஞ்சினைக் கைவிட்டது. காரணத்தை இரு நிறுவனங்களும் வேறு வேறு விதமாகச் சொன்னன, விமானத்தின் எடை கூடிக்கொண்டே போனதும் உண்மை. யார் பக்கம் நியாயம் என்பதைவிட, அந்த இடத்துக்கு எது வந்தது என்பதே எனக்கு முக்கியம். கனடாவின் பிராட் அண்ட் விட்னி செய்த பிடபிள்யூ610 வந்தது. 410 கிலோ உந்துவிசை, 120 கிலோவை ஒட்டிய எடை. ஒன்பது மடங்கு என்ற கனவு மூன்றரை மடங்காக இறங்கியது. அந்த எஞ்சினோடு 2006-இல் சான்றிதழ் கிடைத்தது, விமானங்கள் பறந்தன. விலையோ 2008-இல் இருபது லட்சம் டாலரைத் தாண்டியது. 260 விமானங்கள் அளவில் செய்து முடித்த நிலையில் நிறுவனம் அந்த நவம்பரில் திவாலானது.

சான்றிதழ் விதிகள்தான் குற்றவாளி என்று சிலர் சொல்வார்கள். பறவை மோதினாலும் தாங்கவேண்டும், பிளேடு உடைந்தால் உறைக்குள்ளேயே அடங்கவேண்டும், 150 மணி நேரப் பொறுமைச் சோதனையில் தேறவேண்டும் என்ற நிபந்தனைகள் 400 கிலோ எஞ்சினுக்கும் 40,000 கிலோ எஞ்சினுக்கும் பொதுவானவை. அவற்றின் செலவு எஞ்சினின் அளவோடு சுருங்குவதில்லை. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் விதிகளைத் தளர்த்தினால் தீர்ந்துவிடும் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. அந்த விதிகள் எட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்பது கண்ணெதிரே இருக்கிறது. ஜெர்மனியின் கர்ட் ஷ்ரெக்லிங் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் வீட்டுப் பட்டறையில், பிளைவுட்டில் செதுக்கிக் கார்பன் இழையால் வரிந்த கம்ப்ரஸர் சக்கரமும் எஃகுத் தகட்டில் வெட்டி முறுக்கிய டர்பைனும் வைத்து ஒரு ஜெட் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். வியந்து போற்ற வேண்டிய சாதனை அது. இன்றைய பொம்மை ஜெட் எஞ்சின் தொழிலே அந்தத் தலைமுறை ஆர்வலர்களின் கொடை. அதே எளிமையின் வழியில் வந்த சப்சோனெக்ஸ் என்ற ஒற்றை இருக்கை ஜெட் 2011 முதல் பறக்கிறது. அதன் டிஜே100 எஞ்சின் 20 கிலோ எடையில் 110 கிலோவுக்கு மேல் உந்துவிசை தருகிறது. முழு விசையில் மணிக்கு 120 கிலோ எரிபொருள், அதாவது 150 லிட்டர் தேவை. அதே ஒற்றை ஆளைத் தூக்கும் 100 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின் 25 லிட்டரைச் சுற்றி நிற்கும். விதிகள் இல்லாதபோதும் இந்தப் பசி அப்படியேதான் இருக்கிறது. வார இறுதியில் அரை மணி நேரம் வானில் கரணம் போட இது போதும், ஊர் விட்டு ஊர் போக ஆகாது.

இந்தியாவில் இந்தக் கேள்வி இப்போது கொள்கைக் கேள்வியாகியிருக்கிறது. பெங்களூரின் கேஸ் டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மாணிக் என்ற சிறு டர்போஃபேன், 2024 ஏப்ரல் 18 அன்று சாந்திப்பூர் கடற்கரையிலிருந்து ஏவிய குரூஸ் ஏவுகணையை வெற்றிகரமாகச் செலுத்தியது. 400 கிலோவைச் சுற்றிய உந்துவிசை என்பதால் அது மார்போரேயும் ஈஜே22-ம் இருந்த அதே வகுப்பு. இந்த எஞ்சினை வைத்து உள்நாட்டு இலகு ஜெட் ஒன்றைச் செய்தால் என்ன என்ற ஆசை இயல்பானது, எனக்கும் உண்டு. ஆனால் ஆயுளை அலட்சியப்படுத்திய விலையை நாம் ஒருமுறை கொடுத்துவிட்டோம். கிரணின் வாரிசாக 2003-இல் பறந்த சிதாரா பயிற்சி விமானம் பல ஆண்டுகள் தேங்கி நின்றதற்குச் சுழல்வீழ்ச்சிச் சிக்கலோடு ரஷ்ய எஞ்சினும் ஒரு காரணம். முதலில் வந்த எஞ்சின்களின் மொத்த ஆயுள் சில நூறு மணி நேரம் மட்டுமே. அதை 1,200 மணி நேரத்துக்கு உயர்த்துவதே பெரும்பாடாக இருந்தது. மாணிக்குக்கும் மனிதர் ஏறும் விமானத்துக்கும் இடையில் ஒரு படி தேவை. அது நம் கையிலேயே இருக்கிறது. எச்ஏஎல் செய்த பிடிஏஇ-7 எஞ்சினோடு பறக்கும் லக்ஷ்யா இலக்கு விமானம் பாராசூட்டில் இறங்கிக் கடலிலிருந்து மீட்கப்பட்டு மறுபடி பறக்கிறது. இப்படித் திரும்பி வரும் ஆளில்லா விமானங்களில் சிறு டர்போஃபேனைப் பொருத்தி, ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்த்து, பேரிங் எங்கே தேய்ந்தது, டர்பைனில் எங்கே விரிசல் விட்டது என்று பதிவு செய்து, நூறு மணியை ஐந்நூறாகவும் ஐந்நூறை இரண்டாயிரமாகவும் ஏற்றும் வேலைக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். ஏவுகணைக் கணக்கில் அந்தப் பணம் வராது, ஏனென்றால் ஏவுகணைக்கு அது தேவையில்லை. விமானக் கணக்கிலும் வராது, ஏனென்றால் அந்த விமானம் இன்னும் இல்லை.